நின்றால் வரத்தான் செய்யுமா?

சென்னைத் தரமணியின் கானகம் பகுதியில் என் அம்மா 22 வருடம் இட்லிக்கடை போட்டார். விடிகாலை நாலரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் பதினொரு மணிவரை உட்கார முடியாது. சி.பி.டி. பாலிடெக்னிக் மாணவர்கள், டைடல் பார்க்குக்குப் போகிற பிள்ளைகள், இரவுக் காவல் முடித்து வருகிறவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். அத்தனை நேரமும் ஒரே சதுர அடியில் நிற்பார். இட்லிப் பானைக்கும் சாம்பார் வாளிக்கும் நடுவில் திரும்புவதுதான் அவர் கால் கண்ட நடை.

மாலையில் காலைத் தூக்கி ஸ்டூலில் வைப்பார். கெண்டைக்காலில் பச்சையும் நீலமுமாக முறுக்குக் கயிறு போலப் புடைத்துக் கிடக்கும். உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, தடித்து, தொட்டால் பலகை மாதிரி இருக்கும். அந்த இடம் ஓயாமல் அரிக்கும். சொறிந்து சொறிந்து ஒருநாள் அது புண்ணானது. 14 மாதம் ஆறவில்லை. புடவையின் கரை எப்போதும் ஈரமாக இருந்தது. கேட்டால், பாத்திரம் கழுவினேன், தண்ணீர் தெறித்துவிட்டது என்பார். அது தண்ணீர் இல்லை, புண்ணிலிருந்து வடிகிற நீர் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அந்த 14 மாதமும் நான் கேட்ட வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். "நின்னே வேலை பாக்குறவங்களுக்கு வரத்தானே செய்யும்?" பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். கட்டு மாற்றிய இடத்தில் சொன்னார்கள். மருந்துக்கடையில் சொன்னார்கள். மருத்துவர் ஒருவரும் சொன்னார். அம்மாவே சொல்ல ஆரம்பித்தார். நானும் சொன்னேன். இன்று இந்தக் கட்டுரையை எழுதுவது அந்த வாக்கியத்தை மறுப்பதற்காக. கேட்பதற்கு ஆறுதல் போல இருக்கும் அந்தப் பேச்சுதான் இந்த ஊரில் ஆயிரக்கணக்கான கால்களைப் புண்ணாக்கி வைத்திருக்கிறது.

முதலில், அதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நிற்பதால் வரும் என்பது சரி. இதயம் ரத்தத்தைப் பாதம்வரை தள்ளிவிடும். அதைத் திரும்ப மேலே ஏற்றுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசையின் பொறுப்பு. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி, உள்ளே இருக்கிற சிரைகளைப் பிழிந்து, ரத்தத்தை மேலே அனுப்புகிறது. ஏறிய ரத்தம் இறங்கிவிடாமல் இருக்க, சிரைக்குள் வழி நெடுக ஒருவழிக் கதவுகள் போல வால்வுகள் இருக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 100 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருக்கும். பத்துப் பன்னிரண்டு எட்டு நடந்தால், ஆரோக்கியமான காலில் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதானவருக்கு நடந்தாலும் இறங்காது. நிற்கிற, நடக்கிற நேரமெல்லாம் அந்த அழுத்தம் சிறு குழாய்களைத் தாக்குகிறது. ரத்தத்திலிருந்து இரும்புச் சத்து கசிந்து தோலில் படிகிறது. அந்தக் கறுப்பு அதுதான். அதற்கு அடுத்த படி புண்.

டென்மார்க்கில் உழைப்பாளர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வேலை நேரத்தில் பெரும்பகுதி நிற்கிறவர்கள், கால் சிரைகள் சுருண்டு புடைக்கும் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு. ஆக, நிற்பதால் வருகிறது. பரம்பரையாகவும் வருகிறது, பிரசவத்துக்குப் பிறகும் வருகிறது. பெண்களின் நோய் என்று நம்மூரில் தள்ளிவிடுகிறார்கள். 1999இல் வெளியான எடின்பரோ ஆய்வில் 1,566 பேரைச் சோதித்தபோது, ஆண்களில் 40 சதவீதம் பேருக்கும் பெண்களில் 32 சதவீதம் பேருக்கும் பெரிய சிரைகளில் சுருள் இருந்தது. வேட்டியும் பேன்ட்டும் மறைப்பதால் ஆண்களுடையது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

காரணம் தெரிந்துவிட்டால் நோய் நோயாக இல்லாமல் போய்விடுமா? அரிசி ஆலையில் வேலை செய்தால் இருமல் வரத்தான் செய்யும் என்று சொல்லி ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்புகிறோமா? வெல்டிங் வேலையில் கண் போகத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறோமா? காலுக்கு மட்டும் ஏன் இந்த நியாயம்? நின்று வேலை செய்கிறவர்கள் யார் என்று யோசித்தால் விடை கிடைக்கும். இட்லி சுடுகிறவர், துணிக்கடைப் பெண், வாசல் காவலர், சலூன்காரர், டிராஃபிக் போலீஸ், வகுப்பில் நிற்கிற ஆசிரியை. இவர்களுடைய வலியை வேலையின் ஒரு பகுதியாக எண்ணிப் பழகிவிட்டோம்.

இந்தப் பழக்கத்துக்குப் பெயரும் துணைபோகிறது. நாம் இதை நரம்புச் சுருட்டு என்கிறோம். தமிழில் நரம்பு என்ற சொல்லுக்குப் பொருள் பரந்தது. கையில் புடைத்துத் தெரிகிற ரத்தக்குழாயை நரம்பு என்கிறோம். "குளுக்கோஸ் போட நரம்பு கிடைக்கலை" என்று செவிலியர் சொல்வதில் பிழை காண மாட்டேன். பேச்சு வழக்கில் அது முறையான சொல். சிக்கல் மருந்துக்கடை வாசலில் தொடங்குகிறது. நரம்புச் சுருட்டு என்று சொன்னதும் நரம்பு மாத்திரை என்று சத்து மாத்திரை வருகிறது. அம்மா மூன்று வருடம் அந்தச் சிவப்பு மாத்திரையைச் சாப்பிட்டார். உணர்ச்சியைக் கடத்துகிற நரம்புக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை. இது சிரை. பள்ளிப் பாடத்தில் தமனி, சிரை என்று படித்தோமே, அந்தச் சிரை. அதன் வால்வு கிழிந்ததை எந்த மாத்திரையும் தைத்துத் தராது. தைலம் தேய்த்தாலும் அட்டை விட்டாலும் அன்றைக்குக் கனம் குறைந்தது போல இருக்கும், பழுதான வால்வு பழுதாகவே இருக்கும்.

இன்னொரு சொல், ரத்த ஓட்டக் குறைவு. இது பெயர்க் குழப்பத்தைவிட ஆபத்தானது, ஏனென்றால் காலில் ரத்த ஓட்டம் கெடுவது இரண்டு விதம். தமனி அடைத்து ரத்தம் வந்து சேராமல் போவது ஒன்று. சர்க்கரை, பீடி, சிகரெட் காரணமாக வருவது பெரும்பாலும் இதுதான். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். பாதம் சில்லென்று இருக்கும். மற்றது, வந்த ரத்தம் திரும்பாமல் தேங்குவது. அதுதான் அம்மாவுக்கு. சிரை நோயாளிக்குக் காலைத் தூக்கி வைத்தால் சுகம், தமனி அடைத்தவருக்குத் தூக்கி வைத்தால் வலி கூடும். சிரை நோய்க்கு இறுக்கமான காலுறை நல்லது. தமனி மோசமாக அடைத்திருப்பவருக்கு அதே காலுறை காலையே பறித்துவிடக்கூடும். கைக்கும் கணுக்காலுக்கும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாமல் கடையில் காலுறை வாங்கி மாட்டிக்கொள்ளச் சொல்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி, பொறுத்துக்கொள்ளலாம் என்ற வாதம். உயிருக்கு ஆபத்தில்லை, வெறும் அழகுப் பிரச்சினை என்கிறார்கள். காலில் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் மட்டும் உள்ளவருக்கு அது சரியாக இருக்கலாம். தோல் கறுத்தவருக்கு அது பொய். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2013 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறையில், முழங்காலுக்குக் கீழே புண் வந்து இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் ரத்தநாள நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்கிறது. இரண்டு வாரம். என் அம்மா 14 மாதம் கட்டு மாற்றினார். எத்தனை பேருக்கு மூன்று வருடம், ஐந்து வருடம் என்று ஓடுகிறது என்பதைக் கட்டுப் போடுகிற எந்தச் செவிலியரையும் கேட்டுப் பாருங்கள்.

புண் ஆறட்டும், பிறகு சிரையைப் பார்ப்போம் என்பது நான் அடிக்கடி கேட்ட யோசனை. இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 450 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். இரண்டு பிரிவுக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் பழுதான சிரையை உடனே அடைத்தார்கள், மறு பிரிவுக்குப் புண் ஆறும்வரை காத்திருந்தார்கள். 2018இல் முடிவு வந்தது. உடனே சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற 56 நாள் ஆயிற்று. காத்திருந்தவர்களுக்கு 82 நாள். அதற்கு முன்பே 2004இல் வெளியான ஆய்வு, 500 பேரை வைத்து, கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் புண் திரும்பியதையும், சிரை அறுவைச் சிகிச்சையும் சேர்த்துச் செய்துகொண்டவர்களில் அது 12 சதவீதம்தான் என்பதையும் காட்டியது. குழாய் உடைந்து தரை நனைகிறபோது தரையை மட்டும் துடைத்துக்கொண்டே இருப்பதா?

அடுத்தது பயம். "கத்தி பட்டா கால் போயிடும்." இந்தப் பயம் வெறும் மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு வரலாறு இருக்கிறது. 1905 முதல் 1907 வரை கெல்லர், மேயோ, பாப்காக் ஆகிய அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர்கள் சிரையை உருவி எடுக்கும் முறையை வகுத்தார்கள். தொடை இடுக்கில் ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, நடுவில் கம்பியை விட்டுச் சிரையை இழுத்து எடுப்பது. அந்த நூற்றாண்டில் பெரும்பாலும் அதுதான் சிகிச்சை. மயக்க மருந்து, மருத்துவமனைப் படுக்கை, தொடை நெடுக ரத்தக் கட்டு, வாரக் கணக்கில் விடுப்பு. ஊரில் யாரோ ஒரு பெரியம்மா அப்படிப் பட்டதைப் பார்த்தவர்கள்தான் இன்றும் எச்சரிக்கிறார்கள். ஆனால் 1999இல் அமெரிக்காவில் ரேடியோ அலைவரிசை வெப்பத்தால் சிரையை உள்ளிருந்தே மூடும் முறைக்கு அனுமதி கிடைத்தது. அதை ஒட்டி லேசரும் வந்தது. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் பயம் இன்னும் 1907இல் நிற்கிறது.

அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல்நாள் டாப்ளர் ஸ்கேன். படுக்கையில் கிடத்தாமல் ஒரு சிறு மேடையில் ஏறி நிற்கச் சொன்னார்கள். தொடையின் உள்பக்கம் கருவியை வைத்தார் மருத்துவர். மறுகையால் கெண்டைக்காலைப் பிழிந்தார். திரையில் நீலம் மேலே ஓடியது. கையை விட்டார். சிவப்பு கொட்டியது. கூடவே அருவி இறங்குவது போல ஒரு சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று விநாடிக்கு. அரை விநாடிக்கு மேல் போனாலே வால்வு பழுது என்று பொருள். "இது எல்லாம் கீழ வர்ற ரத்தம்மா" என்றார் அவர். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவருடைய நோயை அவருக்கு யாராவது காட்டியது அன்றுதான்.

சிகிச்சை அன்று முழங்காலுக்குக் கீழே ஓர் ஊசித்துளை. அதன் வழியாக முடிபோல மெல்லிய லேசர் இழை சிரைக்குள் போகிறது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழேவரை கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். சிரையைச் சுற்றி நெடுக மரத்துப்போகும் மருந்து கலந்த குளிர்ந்த உப்புநீரை ஊசியால் நிரப்புகிறார்கள். வலிக்கும் என்றால் அந்த ஊசிகள்தான் வலிக்கும். அம்மா பல்லைக் கடித்தது அப்போது மட்டும். பிறகு இழையை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுக்க, வெப்பத்தில் சிரை உள்ளே சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. உடல் அதைப் பின்னர் தானே கரைத்துவிடுகிறது. தையல் கிடையாது. முடிந்ததும் காலுறை மாட்டி, வராந்தாவில் நடக்க வைத்தார்கள். நடப்பது கட்டாயம். ரத்தம் உறையாமல் இருக்க அதுவும் சிகிச்சையின் பகுதி.

ஒரு சிரையையே மூடிவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காலின் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு தசைக்குள் ஆழமாக ஓடும் சிரைகள் வழியாகத்தான் திரும்புகிறது. தோலுக்கு அடியில் கணுக்காலிலிருந்து தொடை இடுக்குவரை ஓடும் இந்த நீளச் சிரை இல்லாமலே கால் வாழும். சந்தேகம் இருந்தால் பைபாஸ் செய்துகொண்ட யாரையாவது காலைக் காட்டச் சொல்லுங்கள். நீள வடு ஒன்று இருக்கும். 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்தார். அன்றிலிருந்து இந்த நகரத்தில் எத்தனையோ பேருடைய இதயத்துக்கு மாற்றுப் பாதையாகப் போனது இதே சிரைதான். நல்ல சிரையைக் காலிலிருந்து எடுத்துவிட்டு நடந்தே வீடு திரும்பினார்கள். பழுதான சிரையை மூடினால் மட்டும் கால் போய்விடுமா?

"செஞ்சாலும் திரும்ப வரும்." இதிலும் பாதி உண்மை உண்டு, மறைக்க மாட்டேன். டென்மார்க்கில் 121 பேரை ஐந்து வருடம் கவனித்த ஆய்வில், லேசர் செய்துகொண்டவர்கள், பழைய முறையில் உருவி எடுத்தவர்கள் என இரு தரப்பிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் புதிய சுருள்கள் கண்ணில் பட்டன. வால்வு பலவீனம் உடம்போடு பிறந்தது, ஒரு சிரையை மூடினால் இன்னொன்று பழுதாகலாம். அப்படி வருபவற்றில் பலவற்றைச் சிரைக்குள் செலுத்தும் சிறிய நுரை ஊசியாலேயே சரிசெய்ய முடிகிறது. கண்புரை நீக்கிய பிறகும் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, அதற்காக யாரும் கண்புரையோடு இருந்துவிடுவதில்லை. திரும்ப வரக்கூடிய ஒரு சுருளுக்குப் பயந்து திறந்த புண்ணோடு பத்து வருடம் இருப்பது எந்தக் கணக்கில் லாபம்?

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் விளம்பரதாரன் ஆகிவிடுவேன். பழைய மகாபலிபுரம் சாலை நெடுக இப்போது தட்டிகள் தொங்குகின்றன. இருபது நிமிடம், வலி இல்லை, தழும்பு இல்லை, இலவச முகாம். இந்தச் சொற்களில் பெரும்பாலும் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் வஞ்சனை. எந்தச் சிரை பழுது என்று நிற்க வைத்து ஸ்கேன் பார்க்காமல் யாருக்கும் லேசர் வைக்கக் கூடாது. ஆழ்சிரையில் அடைப்பு இருப்பவருக்கு மேல்சிரையையும் மூடினால் காலுக்குக் கேடு. கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் முடியும்வரை காத்திருப்பதுதான் முறை. அரிதாக என்றாலும் ரத்த உறைவு, மரத்துப்போதல், தோல் சுடுதல் நேரும். மெல்லிய கோடுகளோடு வருகிற 25 வயதுப் பெண்ணைப் பயமுறுத்திப் பணம் பறிப்பதும், புண்ணோடு வருகிற 60 வயதுக்காரரைச் சமாதானம் சொல்லி அனுப்புவதும் ஒரே தப்பின் இரண்டு பக்கம். இரண்டிலும் காலை யாரும் சோதிக்கவில்லை.

சிகிச்சை இருக்கிறது என்பதால் நாற்காலி வேண்டாம் என்றும் ஆகிவிடாது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடியதன் பலனாகக் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமுன்வடிவைக் கொண்டுவந்தார். வேலை நேரம் முழுக்க நிற்பதால் உடல்நலக் கேடுகள் வருகின்றன என்று அதற்கான காரணமும் சொல்லப்பட்டது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்ந்தது. எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்பது சட்டம். ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளின் வாழ்க்கையை ‘அங்காடித் தெரு’ படம் திரையில் காட்டி அப்போதே 11 வருடம் ஆகியிருந்தது. இன்று தி.நகரில் ஏதாவது ஒரு மாடியில் புடவை எடுக்கும்போது, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, அதில் அவர் உட்கார்ந்து நீங்கள் பார்த்ததுண்டா என்று கவனியுங்கள். கானகத்தில் தன் கடையில் தானே நின்ற என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்தச் சட்டமும் இல்லை.

பணம் பெரிய தடை என்பது எனக்குத் தெரியும். தனியார் மருத்துவமனையில் ஒரு காலுக்கு ஆகும் செலவு ஒரு வாசல் காவலருக்குப் பல மாதச் சம்பளம். பல காப்பீட்டுத் திட்டங்கள் இந்த நோய்க்கு இரண்டு வருடக் காத்திருப்பு வைத்திருக்கின்றன. ஆனால் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. தரமணியில் பறக்கும் ரயில் ஏறினால் பூங்கா நகரில் இறங்கிக்கொள்ளலாம். அம்மாவின் கடையிலிருந்து தரமணி நிலையம் நடக்கிற தூரம். 14 மாதத்தில் ஒருவர்கூட எங்களுக்கு இதைச் சொல்லவில்லை.

அம்மாவின் புண் ஏழாவது வாரத்தில் மூடியது. கறுப்பு போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். தோல் கறுக்கும் முன்பே வந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

உங்கள் வீட்டில் நின்று வேலை செய்கிறவர் யாராவது இருந்தால், இன்று இரவு அவர் காலை நீட்டச் சொல்லி, உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே பாருங்கள். கறுத்திருந்தாலோ, தடித்திருந்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ, மருத்துவரிடம் அழைத்துப் போய் டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.